தண்ணீர்மலைக்கு எந்தப் பக்கம்?

போன வருடம் ஜூலை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், காலை பத்தே முக்காலுக்கு, நானும் அப்பாவும் பாலிக் புலாவ் மலைப்பாதையில் ஒரு டுரியான் கடைக்கு எதிரே நின்றுகொண்டிருந்தோம். போக வேண்டிய இடம் வந்துவிட்டது என்று மலாயில் சொல்லிவிட்டுக் கைப்பேசி அடங்கியிருந்தது. பக்கத்தில் அருவி விழும் சத்தமும் கேட்டது. ஆனால் கோபுரம் இல்லை, படிக்கட்டு இல்லை, கற்பூர வாசனை இல்லை. அப்பா வண்டியைவிட்டு இறங்கவே இல்லை. கண்ணாடியை மட்டும் இறக்கி, பழக்கடையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "முருகன் டுரியான் வியாபாரத்துல இறங்கிட்டாரா?" என்றார்.

சிரித்திருக்க வேண்டிய பேச்சு. இரண்டு பேருமே சிரிக்கவில்லை.

அன்றைக்குப் பத்து மணிக்குத் தண்ணீர்மலையில் பெரியப்பாவைப் பார்ப்பதாக ஏற்பாடு. பெரியப்பாவுக்கு 84 வயது. இருப்பது அலோர் ஸ்டாரில். அப்பாவுக்கு 78, கிள்ளானில் எங்களோடு இருக்கிறார். தொற்றுக் காலத்துக்கு முன்பு பார்த்துக்கொண்டதுதான், அதன்பிறகு இரண்டு பேரும் நேரில் சந்திக்கவில்லை. இளவட்டமாக இருந்த நாளில் மூன்று தைப்பூசம் சேர்ந்தாற்போல் தண்ணீர்மலைக்குப் பால்குடம் எடுத்தவர்கள். "பார்த்தா அங்கதான் பார்க்கணும்" என்று பெரியப்பா பிடிவாதமாகச் சொல்லியிருந்தார். அவர் வந்தது ஊர்க் கோயில் குழுவோடு, வாடகை வேனில். பதினொன்றரைக்கு வேன் அடுத்த கோயிலுக்குக் கிளம்பிவிடும்.

நாங்கள் திரும்பி, மலை இறங்கி, ஆயர் ஈத்தாம் நெரிசலில் மாட்டி, தண்ணீர்மலை அடிவாரம் வந்து சேர்ந்தபோது மணி பன்னிரண்டே கால். அக்கா தொலைபேசியில் அழாத குறையாகச் சொன்னார்: "கடைசி வரைக்கும் அப்பா வேன்ல ஏற மாட்டேன்னாருடா தம்பி. டிரைவர் சத்தம் போடுறாரு, நான் என்னா செய்வேன்?" மறுநாள் காலை எனக்கு வேலை. வேனைத் துரத்திக்கொண்டு கெடாவுக்குப் போக முடியாது. வீடு திரும்பும்வரை அப்பா பேசியது ஒன்றே ஒன்றுதான். "முப்பது வருஷம் லோரி ஓட்டுனேன். ஒரு தடவகூட எடம் மாறிப் போய் நின்னதில்ல."

தவறு முழுக்க என்னுடையது. தமிழில் தண்ணீர்மலை என்று தட்டினேன், ஒன்றும் வரவில்லை. பழைய ஆங்கிலச் சாலைப் பெயர் அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. மலாயில் அருவிக்கு ஆயர் தெர்ஜுன்தானே என்று அதைத் தட்டி, பினாங்கு என்றும் சேர்த்து, முதலில் வந்ததைத் தொட்டுவிட்டேன். பினாங்குத் தீவில் அருவி ஒன்றா இரண்டா? நான் தொட்டது தித்தி கெராவாங் அருவியை. கருவி என்னை ஏமாற்றவில்லை. கேட்ட இடத்துக்குத்தான் கொண்டுபோய் விட்டது.

இந்த வருடம் மறுபடியும் பேச்சு வந்தது. பெரியப்பாவுக்கு இப்போது நீண்டநேரம் உட்கார முடியவில்லை, அடுத்த வருடம் வேன் பயணம் எல்லாம் சந்தேகம்தான் என்று அக்கா சொன்னார். இந்த முறை சரியான வழிகாட்டியைத் தேர்ந்தெடுத்த பிறகுதான் வண்டியை எடுப்பது என்று முடிவு செய்தேன். இரண்டு மாதம் கடை கடையாகவும் நண்பர் வீடுகளிலும் அலைந்து தெரிந்துகொண்டதை, நெடும்பயணம் போகிற வாசகர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். சிலருக்கு இது பழைய செய்தியாக இருக்கலாம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். "மலையில போன் லைன் இல்லாட்டி சட்டலைட்டும் இல்லாமப் போயிடுமா?" என்று அப்பா கேட்டார். பலருக்கும் இந்தச் சந்தேகம் உண்டு. இல்லை. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் பூமிக்கு மேல் ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. ஒவ்வொன்றும் தன் நேரத்தையும் தான் இருக்கும் இடத்தையும் இடைவிடாமல் சொல்லிக்கொண்டே இருக்கிறது. நம் கருவி அதைக் காதால் கேட்பதோடு சரி, திருப்பி எதையும் அனுப்புவதில்லை. குரல் வந்து சேர எடுத்துக்கொண்ட நேரத்தை வைத்துத் தூரத்தைக் கணக்குப் போடுகிறது. நான்கு கோள்களின் குரல் கேட்டால் போதும், நாம் நிற்கும் இடம் தெரிந்துவிடும். இதற்குத் தொலைபேசிக் கட்டணமும் இல்லை, இணையமும் வேண்டாம். அமெரிக்கா ராணுவத்துக்காகச் செய்த அமைப்பு இது. 2000ஆம் ஆண்டு மே மாதம் வரை பொதுமக்களுக்கான அலையில் வேண்டுமென்றே பிழையைக் கலந்து விட்டிருந்தார்கள். அதை நிறுத்திய பிறகுதான் சாலைக்குச் சாலை வழி சொல்லும் கருவிகள் சந்தையில் பெருகின. இப்போது ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டூ எல்லாம் வானில் இருக்கின்றன. ஓரளவு புதிய கைப்பேசி எதுவும் இவற்றில் பலவற்றைச் சேர்த்தே கேட்கிறது. ஆகவே கடைக்காரர் "இது சட்டலைட் நல்லா புடிக்கும்" என்று சொன்னால் தலையை ஆட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போங்கள். நம் நாட்டின் திறந்த வானத்தில் எல்லாக் கருவியும் பிடிக்கும்.

இணையம் வேண்டியிருப்பது வரைபடத்துக்குத்தான். செயலி போகிற போக்கில் படத்தைத் துண்டு துண்டாக இறக்கிக்கொள்ளும் வகையாக இருந்தால், லைன் போன இடத்தில் உங்கள் வண்டி வெறும் சாம்பல் நிறக் கட்டத்துக்குள் மிதக்கும். நீங்கள் இருக்கும் இடம் கருவிக்குத் தெரியும், சாலைதான் தெரியாது. பாலிக் புலாவ் வளைவுகளில் எனக்கு நடந்தது இதுவேதான். திரும்புவதற்குள் கூடுதலாக இருபது நிமிடம் போனது அதனால்.

இன்று நமக்கு இருப்பவை மூன்று வகை. கைப்பேசிச் செயலி, வண்டியோடு வரும் திரை, தனியாக வாங்கிக் கண்ணாடியில் ஒட்டிவைக்கும் கருவி. தனிக் கருவி செத்துப்போய்விட்டது என்று இளைஞர்கள் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வரைபடம் முழுக்க அதன் வயிற்றுக்குள்ளேயே இருக்கிறது. நடுவில் அழைப்பு வந்து திரையை மறைப்பதில்லை. வெயிலில் வைப்பதற்கென்றே செய்தது. நண்பகல் வெயிலில் முன்கண்ணாடிக்குப் பக்கத்தில் மாட்டிவைத்த கைப்பேசி சூடேறி, திரை மங்கி, சில நேரம் தானே அணைந்துவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். குளிர்சாதனக் காற்று வரும் துவாரத்தில் மாட்டுவது இதற்கு நல்ல வைத்தியம்.

ஆனால் தனிக் கருவிக்கு ஒரு சாபம் உண்டு. அதற்கு வயதாகும். என் மச்சான் அப்படி ஒன்றை வைத்திருக்கிறார், பத்து வருடப் பழசு. "நல்லா வேலை செய்யுது மாப்ள, எடுத்துக்கிட்டுப் போ" என்றார். கிள்ளானிலிருந்து தண்ணீர்மலைக்கு வழி போட்டுப் பார்த்தேன். பட்டர்வொர்த் போய், ஃபெரியில் வண்டியை ஏற்று என்றது! பழைய மஞ்சள் ஃபெரியில் வண்டியை ஏற்றிக் கடலைக் கடந்ததெல்லாம் 2020ஆம் ஆண்டோடு முடிந்தது. 2023 ஆகஸ்டில் வந்த புதிய படகுகளில் ஆட்களும் மோட்டார் சைக்கிளும் சைக்கிளும்தான் ஏறலாம். கருவியைக் குறை சொல்லிப் பயனில்லை. மச்சான் அதன் வரைபடத்தை வாங்கிய நாளிலிருந்து புதுப்பித்ததே இல்லை. ஏற்றுமுகம் வரை போய் நின்று, காவலாளி கையை ஆட்டிய பிறகு திரும்பியிருந்தால், இந்த வருடமும் பெரியப்பா வேன் ஏறியிருப்பார்.

வண்டித் திரைக்கும் இதே கதைதான். பல வண்டிகளில் படத்தைப் புதுப்பிக்க நிறுவனத்தின் பணிமனைக்கே போக வேண்டும், சிலவற்றுக்குக் காசும் ஆகும். வாங்கும்போதே கேளுங்கள்: எத்தனை வருடத்துக்குப் புதிய படம் இலவசம், யார் ஏற்றித் தருவார்கள்? மற்றபடி வண்டித் திரைக்குக் கைப்பேசியிடம் இல்லாத ஒரு சிறப்பு உண்டு. அது பல வண்டிகளில் சக்கரம் சுற்றும் கணக்கையும் வண்டி திரும்பும் திசையையும் சேர்த்துப் பார்க்கிறது. சுரங்கப்பாதைக்குள் செயற்கைக்கோளின் குரல் கேட்காதபோதும் எவ்வளவு தூரம் போயிருப்போம் என்று ஓரளவு சரியாகவே நகர்த்திக் காட்டும். நம் தேவைக்கு இது பெரிய விஷயமில்லை. ஈப்போவைத் தாண்டி வரும் மெனோரா சுரங்கத்துக்குள் யார்தான் வழி மாறப் போகிறார்கள்?

நேரலைப் போக்குவரத்துத் தகவலில் கைப்பேசியை அடிக்க ஆளில்லை. இஸ்ரேலில் பிறந்து 2013இல் கூகுள் வாங்கிக்கொண்ட வேஸ் நம் நாட்டில் எவ்வளவு பரவிவிட்டது என்றால், வழி பார் என்பதற்குப் பதிலாக "வேஸ் போடு" என்பதே பேச்சாகிவிட்டது. முன்னால் போகிறவர்கள் நெரிசலையும் விபத்தையும் சொல்லிக்கொண்டே போவதால் பின்னால் வருகிறவர்கள் பிழைக்கிறார்கள். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை போகிறவர்கள் மட்டும் இதை முழுதாக நம்ப வேண்டாம். ரத ஊர்வலத்துக்காகக் காவல்துறை சாலைகளை மூடும் நேரம் எந்தப் படத்துக்கும் முழுதாகத் தெரிவதில்லை. அன்றைக்கு வண்டியைத் தள்ளி நிறுத்திவிட்டு நடப்பதே உத்தமம்.

இவ்வளவும் பார்த்த பிறகுதான், நான் தடுக்கி விழுந்த கல் எது என்று புரிந்தது. திரை அல்ல, செயற்கைக்கோள் அல்ல, பெயர்.

தண்ணீர்மலைக்கு எத்தனை பெயர் பாருங்கள். வெள்ளைக்காரர் காலத்தில் வாட்டர்ஃபால் ரோடு. இன்று பெயர்ப் பலகையில் ஜாலான் கெபுன் புங்கா, அதாவது 1884இல் அமைந்த தாவரப் பூங்காவின் பெயரால் பூந்தோட்டச் சாலை. பூங்காவுக்குப் பின்னால் இருக்கும் அருவிதான் ஒரு காலத்தில் பட்டணத்துக்கே குடிநீர் கொடுத்தது. அருவியருகே இருந்த சிறு முருகன் சந்நிதி, நீர்த்தேக்க வேலைக்காக இடம் மாறியதாகக் கோயில் வரலாறு சொல்கிறது. 1850களில் நாட்டுக்கோட்டை நகரத்தார் சமவெளியில் கட்டிய கோயில் ஒன்று, படியேறிப் போகும் பாலதண்டாயுதபாணி கோயில் ஒன்று. 2012இல் கும்பாபிஷேகம் கண்ட மேல்கோயிலுக்கு 513 படிகள். காரைக்குடியில் செய்து கப்பலில் வந்த வெள்ளி ரதம் 1894 முதல் ஓடுகிறது. 2017 முதல் தங்க ரதமும் சேர்ந்துகொண்டது. தமிழ்நாட்டில் செட்டிநாட்டுப் பக்கம் ஆண்பிள்ளைகளுக்குத் தண்ணீர்மலை என்றே பெயர் வைப்பார்கள். கடல் தாண்டிப் போய் ஒரு மனிதனின் பெயராகவே ஆகிவிட்ட ஊர்ப்பெயர் இது. நான் பார்த்த கருவிகளில் ஒன்றுக்கு அந்தப் பெயர் தெரியவில்லை. இன்னொன்று ரோமன் எழுத்தில் ஓர் எழுத்து மாறினால்கூடக் கையை விரித்தது.

பினாங்கில் இந்தத் தொல்லை அதிகம். பிட் ஸ்திரீட் இப்போது ஜாலான் மஸ்ஜித் கப்பித்தான் கிளிங். கிரீன் லேன் ஜாலான் மஸ்ஜித் நெகிரி. ஆனால் டாக்சி ஓட்டுபவரில் இருந்து கோயில் ஐயர்வரை எல்லாரும் பழைய பெயரையே சொல்கிறார்கள். குவீன் ஸ்திரீட் மாரியம்மன் கோயிலைத் தேடினால் சாலை லெபோ குவீன் என்று இருக்கும். போதாததற்கு நம்மவர்கள் வைத்த பெயர்கள் வேறு. லெபோ பாசார் நமக்குக் கடைத்தெரு. லெபோ கிங் ஒரு காலத்தில் படகுக்காரத் தெரு. 2008இல் ஜார்ஜ் டவுன் உலக மரபுரிமை நகரமான அதே வருடம், லிட்டில் இந்தியாப் பகுதியில் சில தெருக்களுக்குத் தமிழிலும் பலகை வைத்தார்கள். தெருவில் தமிழ் வந்துவிட்டது, கருவியில் வந்ததா என்பது வேறு கேள்வி.

அப்பாவின் வரைபடம் இன்னொரு மாதிரி. அவருக்குச் சாலை எண் தெரியாது. "பன்னெண்டாங்கட்டைல ஒரு சீனன் கடை, அதத் தாண்டி கித்தாக்காடு, கித்தாக்காடு முடியிற எடத்துல எடது பக்கம்" என்பார். மைல்கல்தான் நம்மிடம் கட்டை. கித்தாக்காடு போய் வீடமைப்புத் திட்டம் வந்து இருபது வருடம் ஆகிறது. கட்டையையும் பிடுங்கிவிட்டார்கள். ஆனாலும் அவர் சொன்ன இடத்தில் இடது பக்கம் ஒரு சாலை திரும்பத்தான் செய்கிறது.

ஆகவே என் யோசனை இது. கடையில் கருவியை வாங்குவதற்கு முன், கைப்பேசியில் செயலியை ஏற்றுவதற்கு முன், உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஓர் இடத்தை அதனிடம் கேளுங்கள். ஒரே இடத்தை நான்கு விதமாகக் கேளுங்கள்: தமிழ்ப் பெயர், பழைய ஆங்கிலப் பெயர், இன்றைய மலாய்ப் பெயர், ஒரு கோயில் அல்லது பள்ளியின் பெயர். நான்குக்கும் ஒரே இடத்தைக் காட்டினால் அந்தப் படத்தை யாரோ அக்கறையாகப் பார்த்துக்கொள்கிறார்கள் என்று அர்த்தம். பிறகு, சமீபத்தில் உங்கள் ஊரில் மாறிய ஒரு சாலையைக் கேளுங்கள். நான் கேட்டது ஃபெரி. நீங்கள் மேற்குக்கரை விரைவுச்சாலையில் புதிதாகத் திறந்த பகுதியைக் கேட்கலாம்.

படத்தை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதற்கு நம் நாட்டிலேயே நல்ல உதாரணம் உண்டு. கார்மின் கருவிகள் இங்கே பரவிய காலத்தில், மலேசியா, சிங்கப்பூர் ஆர்வலர்கள் கூடி, தாங்கள் ஓட்டிய சாலைகளைத் தாங்களே பதிவு செய்து, அந்தக் கருவியில் ஏற்றக்கூடிய வரைபடத்தை இலவசமாகவே கொடுத்தார்கள். மால்ஃப்ரீமேப்ஸ் என்று பெயர். சம்பளம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு போகிறவர்கள் வழியில் புதிய டோல், புதிய சந்திப்பைக் குறித்துக்கொண்டு வந்து சேர்த்தார்கள். உலக அளவில் 2004இல் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் இதே வழி. அதில் ஓர் இடத்துக்கு எத்தனை மொழியில் வேண்டுமானாலும் பெயர் சேர்க்கலாம், தமிழுக்கும் தனி இடம் உண்டு. ஒரே நிபந்தனை, மக்கள் உண்மையாகவே புழங்கும் பெயராக இருக்க வேண்டும். அதை அடிப்படையாகக் கொண்ட ஆஸ்ம்ஆண்ட், ஆர்கானிக் மேப்ஸ் போன்ற செயலிகளில் நாட்டின் படத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துவிட்டால் லைன் இல்லாத இடத்திலும் வழி சொல்லும். கூகுள் மேப்ஸிலும் போகும் பகுதியை வீட்டு இணையத்தில் இறக்கிக்கொள்ளலாம்.

நான் கடைசியில் எடுத்த முடிவு ஒன்றும் பெரிய புதுமை இல்லை. புதிய கருவி வாங்கவில்லை. கைப்பேசியில் நேரலைக்கு ஒன்று, லைன் போனால் உதவ இறக்கி வைத்த படத்தோடு ஒன்று, ஆக இரண்டு செயலி. எழுபது ரிங்கிட்டுக்கு உறுதியான பிடிமானமும் நல்ல மின்னேற்றியும் வாங்கினேன். கைப்பேசியைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்டுவது குற்றம் என்பது எல்லாருக்கும் தெரியும், ஆனாலும் மடியில் வைத்துக் குனிந்து பார்க்கிறவர்களை நெடுஞ்சாலையில் தினம் பார்க்கிறேன்.

எல்லாவற்றையும்விட முக்கியமாக, இடத்தைப் பெயரால் தேடாமல் புள்ளியாகப் பதிந்து வைத்தேன். செயற்கைக்கோள் படத்தைத் திறந்து, படிக்கட்டின் அடிவாரத்துக்கு வந்து, வண்டி நிறுத்தும் இடத்தின் மேல் விரலை அழுத்தினேன். மேல்கோயிலின் மேல் புள்ளி வைத்துவிடாதீர்கள். கருவிக்குப் படிக்கட்டு ஏறத் தெரியாது. புள்ளிக்கு மிக அருகில் எந்தச் சாலை ஓடுகிறதோ அங்கே கொண்டுபோய் விட்டுவிடும், அது மலைக்கு மறுபக்கமாகக்கூட இருக்கலாம். புள்ளியை எண்ணாகவும் எழுதி வைத்தேன். தண்ணீர்மலை ஏறத்தாழ 5.43 வடக்கு, 100.29 கிழக்கு. ஆனால் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கத்தோடு நிறுத்தினால் ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாகவே தள்ளிப் போகும் வாய்ப்பு உண்டு. மூன்று இலக்கம் என்றால் நூறு மீட்டர் சொச்சம். நான்கு இலக்கம் என்றால் பத்துப் பதினோரு மீட்டர், கோயில் வாசலுக்கு அது போதும். பெயர் கேட்கும் கட்டத்தில் தமிழிலேயே தண்ணீர்மலை என்று எழுதிச் சேமித்தேன். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதே புள்ளியை அக்காவுக்கும் அனுப்பினேன், அவர்கள் வேன் ஓட்டுநருக்கும் உதவுமே என்று.

அதிகாலை மூன்றரைக்குக் கிளம்பினோம். தஞ்சோங் மாலிம் வரை மழை. தாப்பாவில் விடிய ஆரம்பிக்கவில்லை. அப்பா தூங்கவே இல்லை, திரையையும் சாலையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே வந்தார். மெனோரா சுரங்கத்துக்குள் நுழைந்ததும் கைப்பேசியில் எங்கள் வண்டி கொஞ்ச தூரம் தானாகவே நகர்ந்து, பிறகு குழம்பி நின்றது. "செத்துப்போச்சா?" என்றார். வெளியே வந்ததும் துள்ளி வந்து இடத்தில் ஒட்டிக்கொண்டது. சுங்கை பேராக் ஓய்விடத்தில் பசியாறினோம். நாசி லெமாக் சாப்பிட்டுக்கொண்டே அப்பா தன் காலத்து வழியைச் சொன்னார். கம்பார், ஈப்போ, கோலாகங்சார், தைப்பிங், பாரிட் புந்தார், நிபோங் தெபால் என்று ஒவ்வொரு பட்டணத்துக்குள்ளும் நுழைந்து வெளியேறும் பழைய சாலை. பட்டர்வொர்த்தில் ஃபெரிக்கு லோரி வரிசையில் நின்று, நின்ற இடத்திலேயே தூங்கி எழுந்த கதை. 1985இல் பாலம் திறந்த பிறகு முதல் தடவை அதில் ஓட்டியபோது வேகத்தைக் குறைத்துக் கடலைப் பார்த்ததற்குப் பின்னால் வந்தவன் ஹாரன் அடித்த கதை.

பத்து காவானை நெருங்கும்போது நேரலைச் செயலி இரண்டாம் பாலத்தில் போகச் சொன்னது. முதல் பாலத்தில் நெரிசலாம். 2014இல் திறந்த பாலம், மொத்தம் 24 கிலோமீட்டர், ஆனால் தீவின் தென்கோடியில் பத்து மாவுங்கில் இறக்கிவிடும். அங்கிருந்து தண்ணீர்மலைக்கு வடக்கே நெடுந்தூரம் வர வேண்டும். கருவி ஐந்து நிமிடம் மிச்சம் என்று கணக்குக் காட்டியது. நான் அப்பாவைப் பார்த்தேன். "பழைய பாலமே போ. ஞாயித்துக்கிழமை காலைல பிறையில அப்படி என்னா நெரிசல்?" என்றார். பழைய பாலத்திலேயே போனேன். நெரிசல் இருந்தது. பத்து நிமிடம் ஊர்ந்தோம். அப்பா கடலைப் பார்த்துக்கொண்டு வந்தார், ஒன்றும் சொல்லவில்லை. கருவி சொன்னதுதான் சரி என்பதை நேர்மையாகப் பதிந்துவிடுகிறேன்.

கெலுகோரில் இறங்கி, கிரீன் லேன், ஸ்காட்லாந்து ரோடு, வெஸ்டர்ன் ரோடு. கைப்பேசி எல்லாவற்றுக்கும் மலாய்ப் பெயரைச் சொல்ல, அப்பா அது சொல்லி முடிப்பதற்குள் பழைய பெயரைச் சொல்லிக்கொண்டே வந்தார். தண்ணீர்மலை அடிவாரத்தில் வண்டியை நிறுத்தியபோது எட்டு ஐம்பது. வேன் இன்னும் வரவில்லை. அப்பா முடியைச் சீவிக்கொண்டார், சட்டைப் பொத்தானைச் சரிபார்த்தார். ஒன்பது இருபதுக்கு வேன் வந்து நின்றது. அக்கா முதலில் இறங்கி, கையைக் கொடுத்துப் பெரியப்பாவை இறக்கினார்.

அண்ணனும் தம்பியும் கட்டிப்பிடித்துக்கொள்வார்கள் என்று எதிர்பார்த்து நான் கைப்பேசியில் படம் எடுக்கத் தயாராக நின்றேன். பெரியப்பா தம்பியை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். "எளச்சிட்டியே" என்றார். அப்பா, "ஆமாண்ணே" என்றார். அவ்வளவுதான். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் ஒருவர் கையை ஒருவர் விடவில்லை. 513 படி இருவருக்கும் முடியாது. படிக்குக் கீழே நின்று மேலே பார்த்துக் கும்பிட்டுவிட்டு, செட்டியார் கோயிலுக்கு மெல்ல நடந்தோம். உள்ளே மரத்தூண் ஓரமாக உட்கார்ந்ததும் பெரியப்பா கேட்ட முதல் கேள்வி, "எந்த வழியா வந்தீங்க?"

அப்பா கம்பாரில் தொடங்கினார். நெடுஞ்சாலையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பெரியப்பா நடுவில் திருத்தினார். பாகான் செராயை விட்டுவிட்டாயே என்றார். நான் கைப்பேசியை எடுத்து அவர்கள் சொல்லச் சொல்ல ஒவ்வோர் இடத்தையும் புள்ளி வைத்துக்கொண்டே வந்தேன். பதினோராங்கட்டை எது என்பதில் இரண்டு பேருக்கும் சண்டை வந்தது. அதை மட்டும் காலியாக விட்டேன்.

"என்னாடா எழுதுற?" என்று பெரியப்பா கைப்பேசியை வாங்கிக் கண்ணுக்கு மிக அருகில் வைத்துப் பார்த்தார். படத்தில் நாங்கள் உட்கார்ந்திருந்த இடத்துக்குப் பக்கத்திலேயே, நான் சேமித்து வைத்த பெயர் தெரிந்தது.

"தண்ணீர்மலை. தமிழ்லயே போட்டிருக்கியே. மூணு சுழிதானே?"

"மூணு சுழிதான் பெரியப்பா."

வெளியே வேன்காரர் ஹாரன் அடித்தார். மணி பத்துகூட ஆகவில்லை. அப்பா எழுந்துபோய், இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கிறது என்று அவரிடம் சண்டை போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார்.